பேருக்கு முன் ஊர்



குடும்ப வரலாற்றைத் தேடுவதில் உள்ளூர் நூலகம் எப்படி உதவும் என்று அறக்கட்டளைக்காரர்களும் வாசகர் வட்டத்தினரும் என்னை இந்த நூலகத்தில் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டிருக்கிறது. அது கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பூட்டன் யார், பூட்டி யார் என்று கேட்டு வருகிறவர்களுக்குத் துணையாக நூலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்தபோது நாம் எல்லோருமே சில நாள் குடும்ப வரலாற்று ஆய்வாளர்களாக இருந்தோம். 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தன் பெயரையோ தாய் தகப்பன் பெயரையோ கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செல்போனில் 'மாரியப்பன்' என்று தட்டினால் மாரியப்பன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்போது எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்தத் தெரு என்று தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது. தெரியாதவர்கள் அலைந்தார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்: நம் நாட்டில் முன்னோரைத் தேடுகிறவர் பேரை வைத்துத் தேடக் கூடாது, ஊரை வைத்துத் தேட வேண்டும்.

மேல்நாட்டில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அகரவரிசையில் அந்தப் பெயரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நமக்கு இருப்பது ஒரே ஒரு தலைப்பெழுத்து. அதுவும் தகப்பனோடு மாறிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையா என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். பத்திரத்தில் 'முத்தையா மகன் கருப்பையா' என்று பார்த்ததும் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் சந்தோஷப்படுவார். அது தாத்தாவின் தாத்தாவாக இருக்கும். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் அதே தாத்தா பெயர்தான் என்பதால் ஒரே காலத்தில், ஒரே தெருவில் மூன்று முத்தையாக்கள் இருப்பதும் உண்டு. ஊர்க்காரர்கள் பட்டப்பெயர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அரசாங்கத்துப் பதிவேட்டில் பட்டப்பெயர் ஏறவில்லை.

சரி, ஊரை வைத்துத் தேடுவோம் என்றால் ஊர் மட்டும் நிலையாக நிற்கிறதா? நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம். பூட்டனார் பிறந்தபோது அந்த வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை அமைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அதற்குப் போயின. 1985இல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது அது காமராஜர் மாவட்டம் ஆனது. இப்போது விருதுநகர் மாவட்டம். வீடு நகரவில்லை, முகவரி நகர்ந்துவிட்டது. இதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்றால், 1905ஆம் ஆண்டுக் காகிதத்தை ராமநாதபுரம் என்ற தலைப்பின் கீழ் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அது திருநெல்வேலியின் கட்டில் இருக்கும். அருப்புக்கோட்டைக்காரர் மதுரையின் கட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதன்முதலாக நூலகத்துக்குள் போகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். சட்டத்தைவிட எழுபத்து மூன்று வயது மூத்த நூலகம். அதன் பெயரில் இருக்கும் பென்னிங்டன் அன்றைய திருநெல்வேலி கலெக்டர். பெயர்ப்பலகையே பழைய மாவட்ட எல்லையைச் சொல்கிறது, கவனித்தால்.

நூலகத்தில் முதலில் கேட்க வேண்டியவை மாவட்டக் கையேடுகளும் கெஜட்டியர்களும். திருநெல்வேலிக்கு ஏ.ஜே. ஸ்டூவர்ட் எழுதியது 1879இல் வந்தது. மதுரைக்கு ஜே.எச். நெல்சன் 1868, டபிள்யூ. பிரான்சிஸ் 1906. ராமநாதபுரத்துக்கு ஏ. ராமசாமி தொகுத்த கெஜட்டியர் 1972. பழையவை பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கின்றன என்று பயப்பட வேண்டாம், நூலகரை வைத்துக்கொண்டு உங்கள் வட்டம் வரும் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் பூட்டன் பெயர் அவற்றில் இருக்காது. அவர் இருந்த ஊர் எந்த வட்டத்தில் இருந்தது, சர்க்கார் கிராமமா ஜமீன் கிராமமா, எந்தக் கண்மாயில் தண்ணீர், எந்த ஆண்டு மழை பொய்த்தது, எப்போது ரயில் வந்தது என்பதெல்லாம் இருக்கும்.

சர்க்கார் கிராமமா ஜமீனா என்ற கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சர்க்கார் கிராமம் என்றால் ரயத்துவாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நில அளவையும் செட்டில்மெண்டும் நடந்து பட்டாதாரர் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஜமீன் கிராமத்தில் குடியானவர் தீர்வை கட்டியது ஜமீனுக்கு. அந்தக் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கிராமங்களை அரசு எடுத்து, அளந்து, செட்டில்மெண்ட் செய்தது. பூட்டன் பெயர் 1900ஆம் ஆண்டு அரசுப் பதிவேட்டில் இல்லை என்பதால் அவருக்கு நிலம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் கிராமத்துக்கு அப்படியொரு பதிவேடே இல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியரின் தேடலைச் சொன்னால் இது விளங்கும். அம்மா வழியில், சேத்தூர் ஜமீனைச் சேர்ந்த ஒரு கிராமம் அவர்களுக்குப் பூர்வீகம். வீட்டில் தகப்பன் வழி ஆண்களின் பெயர்கள் ஐந்து தலைமுறைக்குத் தெரியும். பாட்டியின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. 'எங்க அம்மாச்சி' என்றே எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பெயர் மறைந்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பெயர்தான்.

முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் 'அ' பதிவேடு கேட்டார். ஜமீன் கிராமம் என்பதால் ஐம்பதுகளுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் நூலகத்துக்கு வந்தார். கெஜட்டியரைப் பார்த்துப் பழைய வட்டத்தை உறுதிசெய்துகொண்டோம். அந்தக் கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதைச் சொன்னது நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வரும் ஒரு பத்திர எழுத்தர். புத்தகத்தில் இல்லாதது பேப்பர் மேசையில் இருந்தது! நூலகத்துக்கு நேரில் போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்திரப்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் வரும். அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டு, பணம் கட்டி, கையால் தேட வேண்டும். அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்படி. இரண்டாவது அட்டவணை சொத்து இருக்கும் கிராமத்தின்படி. எல்லோரும் முதல் அட்டவணையைக் கேட்பார்கள். நாங்கள் இரண்டாவதைக் கேட்டோம். 1920களில் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம். ஒரு தாய் தனக்குப் பிறந்த வீட்டிலிருந்து மஞ்சள்காணியாக வந்த புஞ்சை நிலத்தைத் தன் மகளுக்கு எழுதிவைக்கிறாள். எழுதிக்கொடுப்பவள், அதாவது பாட்டியின் அம்மாவின் பெயர், அவள் கணவன் பெயர், நாற்புற எல்லை, அடியில் 'இடது பெருவிரல் ரேகை'. பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். முதல் அட்டவணையில் தேடியிருந்தால் அந்த எழுத்துக்கூட்டலில் நாங்கள் ஒருநாளும் தேடியிருக்க மாட்டோம்.

இதை வைத்து ஒன்று சொல்லலாம். பெண்களின் பெயர் குடும்ப நினைவில் மறைந்தாலும் சொத்து கைமாறிய இடத்தில் நிற்கிறது. சீதனம், மஞ்சள்காணி, ஜீவனாம்சம், விதவையின் பங்கு, இவற்றைச் சுற்றி எழுதிய பத்திரங்களிலும் வழக்குகளிலும் பாட்டிமார்கள் பெயரோடு இருக்கிறார்கள். 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோயில் ஊழியத்துக்கு மானியம் பெற்ற தேவதாசிப் பெண்கள் அவற்றில் தங்கள் பெயரிலேயே இருக்கிறார்கள். மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைக்காத இடம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வம்சத்தில் வந்தவர்கள் பலர் இன்று அதைச் சொல்லத் தயங்குவது வேறு கதை.

ஆண்டுக்கணக்கு இன்னொரு தடை. நம் பழைய காகிதங்களில் ஆங்கில ஆண்டு அரிதாகத்தான் வரும். வருவாய்த்துறைக் கணக்கு பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். திருநெல்வேலிச் சீமை ஓலைகளில் கொல்லம் ஆண்டு. அதற்கு ஏறத்தாழ 825 கூட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சொல்வது அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் பெயர். 'தாது வருஷத்துப் பிறப்பு' என்றால் 1876. அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. எந்தத் தாது என்று முடிவுசெய்ய வேறொரு செய்தி வேண்டும். 'பஞ்சத்தில் பிறந்தவர்' என்றும் சொன்னால் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். சிவகாசிப் பக்கத்தில் 'கலகத்து வருஷம்' என்பார்கள். அது சிவகாசிக் கலகம் நடந்த 1899. இப்படிப்பட்ட அடையாளங்களைத் தேதியாக மாற்ற நூலகத்தில் ஒரு பழைய பஞ்சாங்கமும் ஒரு கெஜட்டியரும் போதும்.

நிலம் உள்ளவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நிலம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்ப வரலாற்றுப் பேச்சு பாதிப் பேச்சுதான். பட்டாவில் பெயர் இல்லாதவர், கோயில் மண்டகப்படியில் இடம் கிடைக்காதவர், பத்திரம் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்தான் பெரும்பாலோர். அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. முதல் தலைமுறையில் பள்ளிக்குப் போன பிள்ளையின் வரியில் தகப்பன் பெயர், ஊர், தொழில் இருக்கும். கிறிஸ்தவர்களுக்குச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் தாயின் பெயரும் ஞானத்தாய் தகப்பன் பெயரும் சேர்ந்தே இருப்பது பெரிய வரம். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர். பிறகு பஞ்சமி நிலம். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் அரசாணை 1892இல் வந்தது. அப்படிக் கொடுத்த நிலங்கள் கிராமக் கணக்கில் தனிக் குறிப்போடு ஏறின. அந்தப் பெயர்களில் தன் பாட்டன் பெயரைத் தேடுகிற ஒருவர் வம்சப் பெருமைக்காகத் தேடவில்லை. கைவிட்டுப் போன நிலத்துக்காகத் தேடுகிறார். நூலகரும் மற்றவர்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்து உதவ வேண்டும்.

கடல் கடந்தவர்களின் கதை விசித்திரமானது. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1860 முதல் 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர், பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் அங்க அடையாளம் எல்லாம் உண்டு. அவ்வளவு கொடுமைக்கு நடுவே இவ்வளவு நுணுக்கமான பதிவு! டர்பனிலிருந்து அந்தச் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஆள் தெரியும், ஊர்தான் தெரியாது. வெள்ளைக்கார எழுத்தர் எழுதிய கிராமப் பெயரை வைத்துக்கொண்டு நம் கிளை நூலக வாசலில் நிற்பார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போனவர்களுக்கோ பெரும்பாலும் இப்படி ஆளுக்கொரு பட்டியல் இல்லை. அவர்கள் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டில் இருந்தவை எண்கள்தான். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களிடம் குடும்ப அட்டை இருக்கிறது. அதைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

இனி நூலகங்களின் பக்கம் இருக்கும் குறையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் என்று தமிழ்நாடு முழுவதும் பெரிய வலை இருக்கிறது. இப்படி ஓர் அமைப்பு இருக்கும் மாநிலத்தில் வாழ்வது நமக்குப் பெருமை. ஆனால் நூல்களைத் தேர்வதும் வாங்குவதும் சென்னையில். அதனால் சாத்தூரில் இருக்கும் நாவல் ஆத்தூரிலும் இருக்கிறது. சாத்தூரைப் பற்றிச் சாத்தூரில் அச்சான ஒரு மலர் சாத்தூரில் இல்லை. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், உறவின்முறைச் சங்கத்து ஆண்டறிக்கை, கூட்டுறவு வங்கி வெள்ளிவிழா மலர், கருமாதியன்று கொடுக்கும் நினைவு மலர், திருமண வாழ்த்து மடல் இவற்றை விலைக்கு யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதும் இல்லை. அதனால் நூலகக் கணக்கில் அவை நூலே அல்ல. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கோ கெஜட்டியரைவிட அவைதான் முக்கியம். சிவகாசியைப் பாருங்கள். இந்தியா முழுவதற்கும் அழைப்பிதழும் நாட்காட்டியும் அச்சடிக்கிற ஊர். அந்த ஊரின் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வரிசையாக அடுக்கிவைத்த ஒரு நூலக அலமாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஓர் ஓவியர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இன்று உலகமெங்கிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். நாம் குப்பை என்று நினைப்பதை ஒருவர் சேர்த்தார் என்பதுதான் அதன் தொடக்கம்.

கிராமத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதிய நூல்களும் சில உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அனுப்பி எழுதவைத்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் 1918இல் வந்தது. அதில் நம் வடமலாபுரம் இருக்கிறது. கங்கைகொண்டானும் இருக்கிறது. அதே கிராமங்களை 1937இல் மறுபடி ஆய்வுசெய்து 1940இல் இன்னொரு நூல் வந்தது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பி.கே. நம்பியார் மேற்பார்வையில் சில கிராமங்களுக்குத் தனித்தனி ஆய்வேடுகள் வெளியாயின. வீடு, மாடு, கடன், கூலி என்று ஊரின் அன்றாடம் முழுவதும் அவற்றில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனித்தனி வீட்டின் விவரத்தை அரசு வெளியிடுவதில்லை. அதனால் இந்த ஏடுகளுக்கு மதிப்பு அதிகம். வடமலாபுரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் 1918 நூலைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

ஓர் எச்சரிக்கை. நூலகத்தில் 'எங்கள் குலத்தின் வரலாறு' என்ற மாதிரி நூல்கள் நிறைய கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கணக்கெடுப்பில் சாதிகளை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தியபோது, ஒவ்வொரு சாதியாரும் தங்களை மன்னர் வம்சம் என்று காட்ட எழுதிக்கொண்டவை பல. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலையும் அப்படியே நம்ப வேண்டாம். அவற்றில் உள்ள வழக்கங்களைப் பற்றிய குறிப்பைப் பயன்படுத்தலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா பாண்டியன் படையில் தளபதி என்று சொன்னால் சிரித்துக்கொண்டு மூடிவைத்துவிடலாம். தலைக்கட்டு வரி வசூல் நோட்டு அதைவிட உண்மையானது. குலதெய்வக் கோயிலில் கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி வரி எழுதுகிறார்களே, அந்த நோட்டில் யார் எந்த ஆண்டு சேர்ந்தார், யார் ஊரை விட்டுப் போனார் என்பது வரிசையாக இருக்கிறது. பெருமை பேச அதில் இடமே இல்லை, ஐந்து ரூபாய் பாக்கிதான் இருக்கும்.

தேடிக் கிடைத்ததை எல்லாம் வீட்டில் போட்டு உடைக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் தாரம், தத்து, ஊரை விட்டு ஓடிவந்த காரணம், மாறிய சாதிப்பெயர், அடகில் போன நகை எல்லாம் வெளியே வரும். உயிரோடு இருப்பவரின் அனுமதி இல்லாமல் எழுதாதீர்கள் என்பதுதான் என் பதில். இறந்தவர்களைப் பற்றி அவரவர் மனச்சாட்சிப்படி. அந்தச் செவிலியர் தன் பூட்டியின் பெயரைக் கண்டுபிடித்த அதே பத்திரத்தில் மகன்களுக்கு ஏன் நிலம் எழுதவில்லை என்பதற்கும் ஒரு வரி இருந்தது. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அறக்கட்டளைக்காரர்களிடமும் வாசகர் வட்டத்திடமும் என் வேண்டுகோள் இதுதான். இந்த நூலகத்தில் 'ஊர் அலமாரி' என்று ஒன்றை ஒதுக்குங்கள். இரவல் கிடையாது, இங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று விதி வையுங்கள். இந்த வட்டாரத்தில் அச்சான எந்த மலர், அறிக்கை, அழைப்பிதழ் என்றாலும் ஒரு பிரதி அதற்கு வரட்டும். 1980இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது வீடுகளிலேயே தங்கிவிட்ட கணக்கு ஏடுகள் இருக்கலாம். மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் நகலாவது கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். தலைக்கட்டு நோட்டும் அப்படியே. ஒவ்வொன்றின் மேலும் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். அலமாரியை ஊர் வரிசையில் அடுக்குங்கள். இன்று பேச்சைக் கேட்க வந்த உங்களில் பத்துப் பேராவது போன வாரத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பையில் வைத்திருப்பீர்கள். போகும்போது அதை இரவல் மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள், நூலகரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.